22-ஆம் நம்பர் தென்னம்பிள்ளை

இங்கிலாந்து ராக் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் ‘தி ஓவர்வியூ’ ஆல்பம் 2025 மார்ச் 14-ஆம் தேதி வெளியானது. அந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். முத்துப்பேட்டைக்கு வடக்கே, கோரையாற்றிலிருந்து ஒரு வாய்க்கால் தள்ளி இருக்கிறது எங்கள் வயல். சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து காய் கறுக்கத் தொடங்கியிருந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் அந்த ஆல்பத்தை எழுந்திருக்காமல் கேட்டேன். அது வருவதற்குப் பல மாதங்களாகக் காத்திருந்தவன் நான். கேட்டு முடித்ததும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தொண்டையில் முள் மாதிரி என்னமோ நின்றுகொண்டது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று, முள் இறங்கவில்லை. அது என்ன என்று சொல்லிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆல்பத்தில் இருப்பவை இரண்டே உருப்படிகள். முதலாவது ‘ஆப்ஜெக்ட்ஸ் அவுட்லிவ் அஸ்’, 23 நிமிடம். இரண்டாவது தலைப்புப் பாட்டு, 18 நிமிடம். விண்வெளிக்குப் போனவர்கள் அங்கிருந்து பூமியைப் பார்க்கும்போது மனசுக்குள் ஏற்படும் புரட்டல்தான் கரு. ஃப்ராங்க் வைட் என்பவர் 1987-இல் எழுதிய புத்தகத்தில் அதற்கு ‘ஓவர்வியூ எஃபெக்ட்’ என்று பெயர் வைத்தார். அதே 1987-இல்தான் லண்டனுக்கு வடமேற்கே ஹெமல் ஹெம்ஸ்டெட் என்ற ஊரில், வில்சன் என்ற இளைஞர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து ‘போர்க்குபைன் ட்ரீ’ என்ற பேரில் பாட்டுப் பதியத் தொடங்கினார். அவருடைய அப்பா மின்னணுப் பொறியாளர், மகனுக்குப் பல தடங்களில் பதிவு செய்யும் டேப் கருவியைத் தன் கையாலேயே செய்து கொடுத்தவர். வில்சனைப் பற்றிப் படித்ததில் எனக்கு மறக்காத செய்தி இதுதான். ஒரு பையனுக்கு அப்பா செய்து கொடுத்த பெட்டியில் ஆரம்பித்தது, ஆளே இல்லாத அண்டவெளி வரைக்கும் போயிருக்கிறது.

நீள நீளமாக, பல பகுதிகளாகப் போகும் இந்த வகை ராக்குக்கு ப்ராக் ராக் என்று பெயர். அந்த நான்கைந்து மாதம் அதைக் கேட்பவர்களுக்கு நல்ல மகசூல். 2024 நவம்பரில் ஸ்வீடனின் ஓபெத் குழுவினர், ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம், செத்துப்போன குடும்பத் தலைவரின் உயிலை வாரிசுகளுக்கு வாசிக்கிறார்கள், அதுதான் கதை. கடைசிப் பாட்டைத் தவிர எதற்கும் தலைப்பே கிடையாது, பத்திரத்தில் பத்திகளுக்கு எண் போடுவது போல 1 முதல் 7 வரை. 2008-க்குப் பிறகு ஆல்பங்களில் காணாமல் போயிருந்த பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட்டின் உறுமல் குரல் அதில் திரும்பி வந்தது, ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலோடு வந்து சேர்ந்தார். பாகப்பிரிவினையைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆள் யாரும் அந்தக் கதைக்குள் சுலபமாக நுழைந்துவிடலாம். 2025 பிப்ரவரியில் ட்ரீம் தியேட்டர் குழுவின் ‘பாராசோம்னியா’. 2010-இல் பிரிந்துபோன மைக் போர்ட்னாய் 2023-இல் திரும்பி வந்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்த முதல் ஆல்பம் அது. இரண்டும் நல்ல ஆல்பங்கள், இரண்டையும் நிறையக் கேட்டேன். ஆனால் என்னைத் தூங்கவிடாதது வில்சனுடையதுதான்.

23 நிமிடப் பாட்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் போகும், அதைத் தெருவில் நின்று கேட்ட ஊர்கள் இவை. சாமி புறப்படும்போது மல்லாரி வாசிப்பார்கள். ஒரு சொல்லும் கிடையாது, கம்பீரநாட்டையில் ஒரே வரியை ஒன்றாம் காலம், இரண்டாம் காலம் என்று தூக்கிக்கொண்டே போவார்கள், கூட்டம் அப்படியே நிற்கும். நீளமாகப் போகும் ஒன்றுக்குள் பொறுமையாக இருக்க இந்தக் காதுகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு இந்த இசை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அந்தப் படம்

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை ராத்திரி. நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடக்கப்போகிறது என்று இரண்டு மூன்று நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அப்பாவிடம் பேசினேன். “மாட்ட அவுத்து விட்டாச்சு தம்பி, அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போறோம்” என்றார். அதோடு போன் நின்றது. நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் செயற்கைக்கோள் படம், இன்னொரு பக்கம் காற்றைக் கோடு கோடாக ஓடவிட்டுக் காட்டும் வரைபடம். கறுப்புக் கடல் மேல் சிவப்பும் மஞ்சளுமாக மேகம் சுழன்றுகொண்டிருந்தது. காற்றின் கோடுகள் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றி, கோலத்தில் இழை வளைவது மாதிரி வளைந்து வந்தன. நடு ராத்திரியில் அந்தப் புள்ளி எங்கள் கரையைத் தொட்டது. நான் அந்தத் திரையைப் படம் எடுத்து நான்கு நண்பர்களுக்கு அனுப்பினேன். கீழே, “என்னா அழகு பாருங்கடா” என்று எழுதினேன்.

அந்த வரி இன்னும் என் போனில் இருக்கிறது, நான் அழிக்கவில்லை. அந்தப் படத்தில் வேதாரண்யம் இருந்தது, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருந்தது, பட்டுக்கோட்டை இருந்தது, எல்லாம் சேர்த்து என் சுண்டுவிரல் நகத்தளவு. எங்கள் ஊர் அந்த நகத்துக்குள் எங்கேயோ இருந்தது. நான் அழகு என்று சொன்ன நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

விடிந்ததும் யார் நம்பரும் போகவில்லை. அன்று, மறுநாள், அதற்கு மறுநாள். மூன்றாம் நாள் பஸ் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தஞ்சாவூர் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அதற்குமேல் எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டு நின்றபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அப்பா. யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறி, டவர் கிடைக்கும் இடம் வரைக்கும் வந்து பேசினார். “அம்மா நல்லாருக்கு. நானும் நல்லாருக்கேன். ஓடு பூரா போயிடுச்சு.” அப்புறம் ஒரு நிமிடம் பேச்சில்லை. “ஒரு பேனா எடுத்துக்க தம்பி. என்னோட நோட்டு நனைஞ்சுபோச்சு. கணக்கெடுக்க வர்றவங்க கேப்பாங்க, நிக்கிற புள்ளைங்களோட நம்பர எழுதிக்க.”

எங்கள் பக்கம் தென்னை மரம் என்று சொல்வதைவிடத் தென்னம்பிள்ளை என்று சொல்வதுதான் அதிகம். நாற்பது அடி வளர்ந்து காய்த்துத் தள்ளினாலும் அது பிள்ளைதான். எங்களிடம் 64 பிள்ளைகள் இருந்தன. அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒவ்வொன்றுக்கும் அப்பா நம்பர் போட்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு பேனா வாங்கி டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அவர் நிதானமாகச் சொன்னார். “மூணு. ஏழு. எட்டு. பத்தொம்பது. இருவது.” நான் 22-க்காகக் காத்திருந்தேன். அது மோட்டார் கொட்டகை ஓரத்தில் நிற்பது, பள்ளிக்கூட நாளில் அதன் அடியில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டேன். “இருவத்தாறு” என்றார். அப்புறம் “முப்பத்திமூணு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தேழு, அம்பத்தெட்டு, அறுவது.” அதோடு முடிந்தது. பதினொன்று.

பக்கத்தில் நிற்பது

வில்சனிடம் நான் வந்து சேர்ந்தது 2015-இன் ‘ஹேண்ட். கேனாட். இரேஸ்.’ வழியாக. ஜாய்ஸ் கரோல் வின்சென்ட் என்ற பெண் லண்டனில் தன் வீட்டில் இறந்துபோய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். 2006-இல்தான் கண்டுபிடித்தார்கள், அதுவரை டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியிலிருந்து பிறந்த ஆல்பம் அது. ஒரே ஒரு பெண், ஒரே ஒரு நகரம். வில்சன் அதில் ஒரு மனுஷிக்கு எத்தனை பக்கத்தில் போக முடியுமோ அத்தனை பக்கத்தில் போய் நிற்கிறார். அதில் ‘ரொட்டீன்’ என்று ஒரு பாட்டு. புருஷனையும் பிள்ளைகளையும் இழந்த ஒருத்தி, அவர்கள் இருந்தபோது செய்த அதே வீட்டு வேலைகளை ஒவ்வொரு நாளும் செய்துகொண்டே இருக்கிறாள். இஸ்ரேலியப் பாடகி நினெட் தாயெப்பின் குரல் கடைசியில் உடைந்து வெளியே வருமே, அதுவரை அந்தப் பாட்டு ஒரு அலறலைத் துணி துவைக்கிற சத்தத்துக்குள் அமுக்கி வைத்திருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து லாரியும் நடையுமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்த காலையில் நான் முதலில் பார்த்தது அம்மாவை. வீட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை, சுவர் நின்றது, நடுவீட்டில் வெயில் அடித்தது. அம்மா வாசலில் விழுந்து கிடந்த கீற்றுகளை ஒதுக்கி, ஒரு முறம் அளவு இடத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. கோலமாவு நனைந்து கட்டியாகிவிட்டதால் கோடு விட்டுவிட்டு விழுந்தது. நின்றுபோன இடத்தில் மறுபடியும் விரலை வைத்து, கட்டியை நசுக்கி, இழையைச் சேர்த்தது. என்னை நிமிர்ந்து பார்த்து “சாப்ட்டியா” என்றது. மறுபடி குனிந்துகொண்டது. அப்புறம் பல வாரம் கரண்ட் இல்லை, பாட்டுக் கேட்கும் மனசும் இல்லை. திரும்பப் போய் முதலில் கேட்டது ‘ரொட்டீன்’தான். முன்பு அதை ஒரு சோகக் கதையாகக் கேட்டிருந்தேன். இப்போது அது வாசலில் சேர்ந்த ஒரு கோட்டின் பாட்டு.

அப்படிப் பக்கத்தில் நின்ற அதே ஆள், பத்து ஆண்டு கழித்து முடிந்தவரை தூரத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்தப் படத்தின் ஞாபகம்தான் வந்தது. விண்வெளியிலிருந்து பார்த்தால் மனுஷனுக்குப் பணிவு வரும், எல்லைகள் மறையும், பூமி மேல் பாசம் வரும் என்று சொல்கிறார்கள். தஞ்சாவூரில் இருக்கும் என் நண்பனும் அதையே சொல்வான், இது பற்றி எங்களுக்குள் நிறையச் சண்டை. நானும் ஒரு ராத்திரி மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் பணிவு வரவில்லை, ரசனை வந்தது. அப்பாவின் தலைக்கு மேல் ஓடு பறந்துகொண்டிருந்தபோது அதன் வளைவை ரசித்தேன். தூரம் மனுஷனை நல்லவனாக்கும் என்ற பேச்சை அன்றைக்குப் பிறகு என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

விண்வெளிக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி திரும்பியதும் இல்லை. நடிகர் வில்லியம் ஷாட்னர் 2021 அக்டோபரில், 90 வயதில், சில நிமிடம் மேலே போய் வந்தார். மேலே பார்த்த கறுப்பில் தனக்குத் தெரிந்தது சாவு என்றும், வாழ்க்கையில் தான் பட்ட பெரிய துக்கங்களில் அது ஒன்று என்றும் பிறகு எழுதினார். அவரை நம்புகிறேன். அவர் பார்த்தது தான் வாழ்ந்த வீட்டை, அதற்குள் திரும்பி வர வேண்டிய ஆளாக நின்று பார்த்தார். நான் பார்த்தது திரை.

பத்தின் அடுக்குகள்

இரண்டாவது உருப்படியின் தொடக்கப் பகுதிக்கு ‘பர்ஸ்பெக்டிவ்’ என்று பெயர். எலக்ட்ரானிக் தாளம் ஒன்று குமிழ் குமிழாக ஓட, அதன் மேல் ஒரு பெண் குரல் பேசுகிறது. வில்சனின் மனைவி ரோட்டம். பாடுவதில்லை, உணர்ச்சி காட்டுவதில்லை. அளவுகளைப் பத்தின் அடுக்குகளாகச் சொல்லிக்கொண்டே போகிறார், ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் சில விண்பொருள்களின் பெயர்கள். எண் பெரிசாகிக்கொண்டே போகும், பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவையாக மாறிக்கொண்டே வரும். மார்ச் ராத்திரியில் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே நல்ல நட்சத்திரம். இரண்டாவது எண்ணிலோ மூன்றாவது எண்ணிலோ எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நிதானம் எனக்குத் தெரிந்த நிதானம். ஒரு எண், ஒரு சின்ன இடைவெளி, அடுத்த எண். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டின் பின்பக்கம் நான் எழுதிக்கொண்டது அந்த நடையில்தான்.

ஒரே மாதிரி இரண்டு குரல். இரண்டுமே தாங்க முடியாத ஒன்றை எண்ணிக்கையாக்கித் தாங்குகின்றன. ஆனால் ரோட்டத்தின் குரலில் எண் ஏற ஏற அதற்குள் யாரும் இல்லாமல் போய்விடுகிறார்கள். அப்பா சொன்ன எண் ஒவ்வொன்றும் ஓர் ஆள் மாதிரி, எந்த வரப்பில் நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்வு, எத்தனை காய் பிடிக்கும் என்பதோடு வந்தது. என் தொண்டையில் நின்ற முள் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. வில்சன் மேல் கோபம் வந்ததே, அது அந்தக் குரல் இத்தனை அழகாக இருந்ததால் வந்தது. ஒரு தடவை அப்படி ஒரு அழகுக்கு ஆசைப்பட்டு நான் எழுதிய வரி என் போனில் இருக்கிறது.

மறுநாள் முதல் உருப்படியை மறுபடி கேட்டேன், இந்தத் தடவை காதைத் தீட்டி வைத்துக்கொண்டு. அதில் மூன்றாவது பகுதியாக ‘ஆப்ஜெக்ட்ஸ்: மீன்வைல்’ வருகிறது. அதற்கு வரிகள் எழுதியவர் எக்ஸ்டிசி குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜ். அந்தக் குழுவின் பழைய ஆல்பங்களை வில்சன் புதிதாக மிக்ஸ் செய்து கொடுத்ததில் இருவருக்கும் பழக்கம். சாதாரண ஜனங்களின் அன்றாடச் சின்னச் சின்னச் சங்கடங்களையும், அதே நேரத்தில் அண்டத்தில் நடக்கும் பிரம்மாண்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதித் தரும்படி வில்சன் அவரிடம் கேட்டிருக்கிறார். எழுதியும் தந்திருக்கிறார். கீழே ஒருவரின் கையில் பொருள் நழுவுகிறது, மேலே எங்கேயோ ஒரு நட்சத்திரம் அழிகிறது, இரண்டுக்கும் ஒரே மெட்டு, ஒரே சத்தம். எதையும் பெரிசாக்கவில்லை, எதையும் சின்னதாக்கவில்லை. முதல் ராத்திரி இந்தப் பகுதியை நான் கதை சொல்லும் இடமாக நினைத்து, கடைசியில் வரும் ராண்டி மெக்ஸ்டைனின் கிடார் சோலோவுக்காகக் காத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன். இந்த ஆல்பத்தின் உயிர் இந்தப் பகுதிதான் என்று இப்போது சொல்வேன். ‘ரொட்டீன்’ எழுதியவர் இங்கே இருக்கிறார். அவர் மேலே போனபோது அந்தப் பெண்ணையும் கூட அழைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

இதற்காகத் தலைப்புப் பாட்டின் மேல் எனக்கிருக்கும் குறை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த 18 நிமிடத்தில் கீழே யாரும் இல்லை, அண்டத்தின் அளவுக்கு முன்னால் நாம் ஒன்றுமில்லை என்ற எண்ணத்தில் அது கொஞ்சம் சுகமாகச் சாய்ந்துகொள்கிறது. ஒன்றுமில்லை என்பது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சோபாவில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஆறுதலாக இருக்கலாம். நிவாரணக் கணக்கெடுப்பில் தன் மரம் விட்டுப்போன ஆளிடம் போய் அதைச் சொல்ல முடியாது. நண்பனிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பா பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புயலுக்கு அடுத்த வருஷம் வைத்த கன்றுகள் இப்போதுதான் நம்பர் எழுதுமளவுக்கு அடிமரம் விட்டிருந்தன. டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். போனைச் சட்டைப் பையில் வைத்து, ஹெட்போன் இல்லாமல் ஆல்பத்தின் கடைசிப் பகுதியை ஓடவிட்டிருந்தேன், ‘பெர்மனன்ஸ்’. மெதுவாக, மூட்டம் மாதிரி படர்ந்த சத்தத்துக்கு மேல் தியோ ட்ராவிஸின் சோப்ரானோ சாக்ஸ் மட்டும் போகும். அப்பா பிரஷ்ஷை நனைத்தபடி, “இது யாரு நாயனம்?” என்றார். சாக்ஸபோன் என்றேன், நாயனம் மாதிரி நேராக இருக்கும் வகை என்றேன். “அவசரமே இல்லாம வாசிக்கிறான்” என்றார். முடியும் வரை ஒன்றும் பேசவில்லை.

மோட்டார் கொட்டகை ஓரத்துக் கன்றுக்கு வந்தோம். பழைய 22 நின்ற குழிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தது. “இது இருவத்திரெண்டுதானேப்பா?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “அது போயிட்டுல்ல தம்பி. அந்த நம்பரு அதோடது.” மட்டையை இடது கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, 6-ஐ ஒரு இழுப்பிலும் 5-ஐ இரண்டு இழுப்பிலும் எழுதினார். 5-இன் வால் கொஞ்சம் வழிந்தது, கட்டைவிரலால் துடைத்துவிட்டார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்கு நடந்தேன்.